ஆறு திரைக்கு நான்கு வாய்

உங்கள் மேசைமீதுள்ள திரை இடையிடையே இமைப்பதற்குத் திரை காரணமன்று, ஐயா. பின்புறக் கம்பி முழுதும் செருகப்படாமல் பாதி வெளியே நிற்கிறது. கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் நின்றுவிடும். நேற்று முன்தினம் என்னை இங்கே அழைத்திருந்தபோதும் இப்படித்தான் இமைத்தது. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

இன்று நீங்கள் அழைக்காமல் நானே வந்திருக்கிறேன். காரணம், காலைச் செய்தித்தாள். ‘கணினிக் கோளாறு: தானியக் கிடங்கில் தொழிலாளி பலி’ என்று தலைப்பிட்டு, கிராஃபிக்ஸ் அட்டை பழுதானதால் கண்காணிப்புத் திரை தவறான படத்தைக் காட்டியிருக்கலாம் என விசாரணை அதிகாரிகள் கருதுவதாக எழுதியிருக்கிறார்கள். அந்த அட்டை பழுதாகவில்லை. நான்கு திரைகளுக்குத்தான் தன்னால் படம் தர இயலும் என்று அது முதல் நாளே சொல்லிவிட்டது. அது வந்த பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. சொன்ன நான்குக்கும் பதினொரு மாதம் ஒரு நொடியும் பிசகாமல் படம் தந்தது. அந்தக் கிடங்கில் சொன்ன சொல் தவறாதது அது ஒன்றுதான். அதன் தலையில் பழியைக் கட்டிவிட்டுக் கோப்பை மூடப்போகிறீர்கள் என்று நினைத்தபோது, காலையில் பதிகம் பாட அமர்ந்தவன் இரண்டாம் பாட்டோடு எழுந்துவிட்டேன்.

ஆகவே சொல்கிறேன். மெதுவாகவே சொல்கிறேன். உங்கள் எழுத்தர் தட்டச்சில் அத்தனை விரைவில்லாதவர் என்பதை அன்றே கவனித்தேன்.

அங்கே எஃகுத் தகட்டாலான ஆறு குதிர்கள் நிற்கின்றன. மேலாளர் அவற்றை சைலோ என்பார். வேலை செய்கிறவர்கள் குதிர் என்பார்கள். ஒவ்வொன்றும் எட்டு மாடி உயரம். தானியத்தை மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். கீழே மோட்டாரை ஓட்டினால் அது அடிப்புனல் வழியாக ஓடும் பட்டையில் விழுந்து லாரிக்குப் போகும். ஈரம் ஏறிவிட்டால் தானியம் இறுகி, அடியில் வெற்றிடம் இருக்க, மேலே கூரைபோல் நின்றுவிடும். அப்போது ஒருவன் மேல்வாய் வழியாகக் கயிற்றில் இறங்கிக் கடப்பாரையால் அதை உடைத்துவிட வேண்டும். அவன் உள்ளே நிற்கையில் கீழே மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்பதை இப்போது நீங்களும் அறிவீர்கள். தானியம் நீரைப்போல் ஓடும். ஆனால் அதில் நீந்த இயலாது.

இதற்கென்று அங்கே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு மோட்டாருக்கு ஒரே சாவி. குதிரில் இறங்குகிறவன் அந்தக் குதிரின் சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டுதான் இறங்குவான். அவன் ஏறி வந்து சாவியைக் கொடுக்கும்வரை எந்தக் கொம்பனாலும் மோட்டாரை ஓட்ட முடியாது. மேல்வாயில் இன்னொருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எழுத்தறியாதவர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு. படித்தவர்கள் வந்துதான் அதை எடுத்தார்கள்.

இறங்குகிறவனைக் குருவி என்பார்கள். ஒல்லியான உடம்பு, கயிற்றில் ஏறுவதும் இறங்குவதும் அவனுக்கு நடப்பதுபோல. அவன் என் தங்கையின் கணவன்.

என் தங்கைக்கு ஐந்து வயதுமுதல் நான்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். பழம்பாடல்களைச் சீர் பிரித்து, சொல் சிதையாமல், பொருள் உணர்ந்து பாடுவாள். பெற்றோர் மறைந்தபின் அவளை வளர்த்ததும் நானே. அப்படி வளர்ந்தவள், கயிற்றில் தொங்கிப் பிழைப்பவன் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், கட்டினாள். நான் தடுக்கவில்லை. அவனை ‘மாப்பிள்ளை’ என்றுதான் அழைத்தேன். வாங்க, போங்க என்றுதான் பேசினேன். முறைக்கு ஒருநாளும் குறை வைத்ததில்லை.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டுகளை அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். குதிருக்குள் இறங்கினால் பாடுவான். எஃகுச் சுவரில் மோதி அந்தக் குரல் களமெங்கும் பரவும். மூட்டை தூக்குகிறவர்கள் நின்று கேட்பார்கள். அவன் சொல்லைப் பிரிக்கும் இடமெல்லாம் பிழை. பண்ணும் பிழை. ‘குரல்ல தேன் வழியுதுப்பா’ என்பார்கள். தேன் என்றால் மொய்ப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு மேலாளர் வேறொரு கிடங்கைப் பார்வையிட்டு வந்தார். வந்ததும் வராததுமாக என்னை வரவழைத்தார். வாரம் ஒருமுறை போய் அவர்கள் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை.

“அங்க அஞ்சு ஸ்க்ரீன் வெச்சிருக்கான். நமக்கு ஆறு வேணும். குதிருக்கு ஒண்ணு. உள்ள நுழைஞ்சதும் சுவர் முழுக்கத் தெரியணும்,” என்றார்.

ஆறு குதிரிலும் கேமரா மாட்டியாயிற்று. ஆனால் கணினிக்குள் இருப்பது ஒரே கிராஃபிக்ஸ் அட்டை. அதன் முதுகில் நான்கு வாய். வாய்க்கு ஒரு திரை. ஆறு வேண்டுமானால் இரண்டாவது அட்டை வேண்டும் என்றேன். நேரிசை வெண்பாவுக்கு நான்கடி. ஐந்தாவதை வைத்தால் அது நேரிசை ஆகாது. இதை அவரிடம் சொல்லவில்லை. செவிடன் காதில் சங்கை ஊதி என் மூச்சை வீணாக்குவானேன்.

மறுநாள் அவரே கடைக்குப் போய் இரண்டு சிறு கறுப்புப் பெட்டிகளை வாங்கி வந்தார். ஸ்பிளிட்டர் என்பார்கள். ஒரு பக்கம் ஒரு கம்பி நுழையும். மறுபக்கம் இரண்டாக வெளிவரும். அதை என் முன்னால் வைத்துவிட்டு, வகுப்பில் வாத்தியார் கேட்பதுபோல் கேட்டார்.

“நாலு வாய்ல ரெண்டை மட்டும் ரெண்டு ரெண்டாப் பிரிச்சா மொத்தம் எத்தனை?”

“ஆறு.”

“முடிஞ்சுதா? இதுக்குப் போய்ப் புது கார்டு, அது, இதுன்னு.”

“இது படத்தைப் பிரிக்காது சார். ஒரே படத்தை ரெண்டு இடத்துல காட்டும்.”

“ஏன்யா, ஒரு குழாய்ல ரெண்டு பைப் மாட்டினா ரெண்டு வாளி நிறையுதா இல்லையா?”

“நிறையும். ரெண்டுலயும் அதே தண்ணி.”

“தண்ணின்னா தண்ணிதானேய்யா!” என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மைத்துனனும் சிரித்தான். மனைவியின் தம்பி. அந்த உறவு ஒன்றைத் தவிர வேறு தகுதி இல்லாமையால் அவனைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்திருந்தார். திரையைப் பார்ப்பது, மோட்டாரை ஓட்டுவது, இவ்விரண்டும் அவன் பணி. தொழிலாளர்கள் அவனை இளவரசர் என்பார்கள். அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் ஒருமுறை சொன்னேன். ஒன்றை இரண்டாம் முறை சொல்வது என் வழக்கமன்று.

மாட்டினேன். மூன்றாம் வாயில் ஒரு கறுப்புப் பெட்டி, நான்காம் வாயில் மற்றொன்று. மூன்றாம் குதிரின் படம் மூன்றாம் திரையிலும் ஐந்தாம் திரையிலும் வந்தது. நான்காம் குதிர் நான்கிலும் ஆறிலும் வந்தது. ஐந்தாம் குதிரும் ஆறாம் குதிரும் எங்கும் வரவில்லை. அவற்றின் கேமராக்கள் இருட்டில் யாருக்கோ படம் பிடித்துக்கொண்டிருந்தன.

வேறு வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். இருந்தது. ஒரு திரையை நடுவே இரண்டாக வகுத்து, இரண்டு கேமராக்களின் காட்சியையும் பக்கம் பக்கமாக வைக்கலாம். புது அட்டை வேண்டாம், கறுப்புப் பெட்டி வேண்டாம். ஐந்து நிமிட வேலை. நான்கு திரையில் ஆறு குதிரும் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் செய்திருப்பேன். கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேமரா தன் எண்ணைப் படத்தின் மூலையில் தானே எழுதிக்காட்டும். ஐந்தாம் திரையில் ‘குதிர் 3’ என்று எழுதியிருந்தால் பார்வைக்கு நன்றாயிராது. ஆகவே அந்த எழுத்துகளை எல்லாத் திரையிலும் அணைத்துவிட்டு, ஒன்றுமுதல் ஆறுவரை அழகாக அச்சிட்டுச் சட்டங்களில் ஒட்டினேன். எழுத்துரு நல்லது. இப்போதும் போய்ப் பாருங்கள், ஓர் ஓரம்கூடப் பெயர்ந்திராது.

திறப்பு நாளன்று இயக்குநர்கள் வந்தார்கள். கோட்டுப் போட்ட நால்வர் சுவரின் முன் வரிசையாய் நின்றார்கள். அவர்களில் மூத்தவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஆறாவதுதான் பளிச்சுன்னு இருக்கு. நாலாவது கொஞ்சம் மங்கல். அந்தக் கேமராவை மாத்திடுங்க,” என்றார். இரண்டும் ஒரே கேமராவின் ஒரே படம். மேலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நானும் தலையசைத்தேன்.

அந்த வாரமே சாவி வழக்கத்தை எடுத்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒரு பலகை. அதில் ஆறு ஆணி. ஆணிக்கு ஒரு சாவி. குதிர் காலியாய் இருப்பதைத் திரையில் பார்த்துவிட்டு இளவரசர் சாவியை எடுத்து ஓட்ட வேண்டும். கயிறு பிடிக்கிறவனை லாரியில் மூட்டை அடுக்க அனுப்பிவிட்டார்கள். குருவி ஒருநாள் வந்து மேலாளரிடம் தலையைச் சொறிந்தான்.

“சார், சாவி மட்டும் பழையபடி எங்கிட்டயே இருக்கட்டுமே.”

“சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிய நீ என்ன மாமியாரா?”

“மாமியாருக்குச் சாவி போனா மரியாதைதான் போகும் சார். எனக்கு உசிரு போகும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். சாவி ஆணிக்குப் போயிற்று.

அன்றுமுதல் நான் காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தாய் என்றால், யாராவது ஒருவர் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். வாரந்தோறும் போய் அந்தச் சுவரின் முன் ஐந்து நிமிடம் நிற்பேன். ஆறு படங்கள், அவற்றில் இரண்டு இரட்டை. கணக்குப் பிள்ளை வந்து பார்த்தார், பாதுகாப்பு ஆய்வாளர் வந்து பார்த்துக் கையொப்பமிட்டார், மேலாளரின் மனைவி உறவினர்களை அழைத்து வந்து காட்டினாள். இளவரசர் நாளுக்கு எட்டு மணி நேரம் அதன் எதிரில் அமர்ந்திருந்தான். இரண்டாம் திரையின் மூலையில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை நான்காம் குதிருக்குள் ஒரு புறா நுழைந்துவிட்டது. நான்காம் திரையில் புறா சிறகடித்தது. அதே கணத்தில் ஆறாம் திரையிலும் அதே சிறகை அடித்தது. இரண்டும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன. இளவரசர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

“பாத்தீங்களா சார், ஜோடியா வந்திருக்கு.”

அன்று வீடு திரும்பியபின் வெகுநேரம் சிரித்தேன். வழிபாட்டுக்கு அமர்ந்தபோதும் சிரிப்பு வந்தது. இறைவன் எல்லாவற்றையும் காண்கிறான்; அவனுக்கு எத்தனை திரை என்று எவரும் கேட்பதில்லை. இவர்களுக்கு ஆறு வேண்டியிருந்தது.

மழைக்காலம் வரும்வரை ஐந்திலும் ஆறிலும் யாரும் இறங்க நேரவில்லை. மழை தொடங்கியது. ஒருநாள் பிற்பகல் குருவி நனைந்தபடி கட்டுப்பாட்டு அறை வாசலில் ஒதுங்கினான். இளவரசர் தேநீருக்குப் போயிருந்தான். நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவன் சுவரைப் பார்த்தான், ஓரடி உள்ளே வைத்தான், இன்னோரடி வைத்தான்.

“மச்சான், இது அஞ்சு இல்லையே. மூணு.”

“என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?”

“இந்தத் துருவைப் பாருங்க, பல்லி மாதிரி. வால்கூட வளைஞ்சிருக்கு. இது மூணுல இருக்கிற பல்லி. அஞ்சுல இது கிடையாது. நான் கை ஊன்றி ஏறுற இடம் மச்சான், எனக்குத் தெரியாதா?” பிறகு ஆறாம் திரையையும் நான்காம் திரையையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

எனக்கு அப்போது மகிழ்ச்சி உண்டாகியிருக்க வேண்டும் என்றுதான் நினைப்பீர்கள். பத்து மாதம் காத்திருந்தவனுக்கு முதன்முதலாக ஒருவன் பார்த்துவிட்டான். ஆனால் நல்ல செய்யுள் ஒன்றை அவையில் வைத்துவிட்டு, புலவர் எவரேனும் அதன் நயத்தைச் சொல்வாரா என்று காத்திருக்கையில், வாசலில் கட்டியிருந்த வண்டிமாடு தலையசைத்தால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது.

“சத்தம் போடாதீங்க,” என்றேன். “வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்.”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஈரக்கை.

“ஐயோ, நான் ஏன் மச்சான் வெளிய சொல்லப்போறேன்? நம்ம வீட்டு விஷயம். தவறு எல்லாருக்கும் வரும். உங்க தங்கச்சிகிட்டகூட மூச்சு விடமாட்டேன். அதுவரைக்கும் நான் என் சாவியைப் பாத்துக்கறேன்.”

தவறு என்றான். என் தவறு. அதை மன்னித்தான். அந்தக் கண்ணில் இரக்கம் இருந்தது, ஐயா. என்மேல். அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்பது உண்மை. ஐந்திலோ ஆறிலோ இறங்கும்போதெல்லாம் இளவரசர் பாராத நேரத்தில் ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டு போவான். ஏறி வந்ததும் மாட்டிவிடுவான். வெற்று ஆணியையும் இளவரசர் காணவில்லை. ஒருமுறை, தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சோற்றைப் போட்டபடியே, “அண்ணா, மழை விடற மாதிரி தெரியல. அங்க போறப்பல்லாம் இவரைக் கொஞ்சம் பாத்துக்கோயேன்,” என்றாள். அவன் எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தான். எனக்கும் அவனுக்கும் ஏதோ கூட்டு என்பதுபோல. இரண்டு நாள் என்றது ஒன்பது நாள் ஆயிற்று. ஒருமுறைகூட ‘இன்னுமா’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை செய்திருப்பேன்.

பத்தாம் நாள் முற்பகல் நடந்ததை நீங்கள் பலரிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரியே. லாரிகள் உறுமியபடி வரிசையில் நின்றன. ஐந்தாம் குதிரில் வரத்து நின்றுவிட்டது. தானியம் கூரை கட்டிவிட்டது. உடைக்கக் குருவி உள்ளே இறங்கினான். தேநீர் குடித்துவிட்டு வந்த இளவரசருக்கு அது தெரியாது. அவன் நாற்காலியில் அமர்ந்ததும் தொலைபேசி ஒலித்தது. மேலாளரின் குரல் எனக்கே கேட்டது. “அஞ்சு ஏன்டா நிக்குது? ஓட்டு!”

இளவரசரை நீங்கள் காவலில் வைத்திருக்கிறீர்கள். பார்த்தேன், பார்த்தேன் என்று அழுகிறானாம். உண்மைதான், அன்று மட்டும் ஒழுங்காகப் பார்த்தான். எழுந்து ஐந்தாம் திரையருகே போய்ப் பத்து நொடி உற்றுப் பார்த்தான். அங்கே சுவர் இருந்தது, பல்லிபோல் ஒரு துரு இருந்தது, கீழே தானியம் அசையாமல் கிடந்தது, ஆள் எவரும் இல்லை. திருப்தியுடன் ஆணியிலிருந்து சாவியை எடுத்து முடுக்கினான். காலடியில் தரை அதிர்ந்தது. பட்டையில் ஐந்தாம் குதிரின் தானியம் பாயத் தொடங்கியது. ஐந்தாம் திரையில் ஒரு மணியும் அசையவில்லை. கீழே லாரி நிறைகிறது. திரையில் தானியம் படம் வரைந்ததுபோல் நிற்கிறது. அதை அவன் காணவில்லை. பந்தாட்டத்துக்குத் திரும்பிவிட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கீழே மறுபடி வரத்து நின்றுவிட்டது.

என்ன அடைத்துக்கொண்டது என்று பட்டையருகே நின்றவர்களுக்கு விளங்கவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு ரப்பர் செருப்பு வந்தது. சேறு படிந்த செருப்பு. அதன்பின்தான் யாரோ கூவினார்கள்.

அன்று மாலை நீங்கள் என்னிடம் கேட்டது என் பெயரும் முகவரியும் மட்டுமே. நான், ‘ஐந்தாம் திரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது’ என்றேன். யாரும் திரையைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் எழுத்தர் வாய்க்குள்ளேயே, “எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற கதையா இருக்கே,” என்று முணுமுணுத்தார். நீங்கள் அவரை அதட்டினீர்கள். ஐயா, இந்த அலுவலகத்தில் அறிவு இருந்தது அந்த ஒரு முணுமுணுப்பில்தான். அதையும் அதட்டி அமர்த்திவிட்டீர்கள்.

மருத்துவமனை நடைபாதையில் தங்கை என்னைப் பார்த்தாள். அழவில்லை.

“அண்ணா, நீ அங்கதானே இருந்தே?”

“இருந்தேன்மா.”

“பாக்கலையா?”

“திரையில அவர் தெரியலம்மா.”

இது பொய்யன்று. பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, மிக மெல்ல, நான் அவளுக்கு முதன்முதல் சொல்லிக்கொடுத்த பாட்டை முணுமுணுத்தாள். ஒரு சொல்லை அவன் பிரிப்பதுபோலப் பிழையாகப் பிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க இயலவில்லை.

இன்னும் ஒரு சிறு செய்தி இருக்கிறது. குருவி இறங்குமுன் யாரிடமும் சொல்லாமலா இறங்கினான், பாட்டுக் குரல்கூடவா கேட்கவில்லை என்று எல்லாரையும் கேட்டிருக்கிறீர்கள். என்னை மட்டும் கேட்கவில்லை.

அவன் வந்தான். கடப்பாரையும் கயிறும் தோளில் இருந்தன. வாசலிலேயே நின்றுகொண்டு, வழக்கமான தன் வேடிக்கையைச் சொன்னான்.

“மச்சான், எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல. நான்தான் இருக்கப்போறேன். அஞ்சுல. இளவரசர் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“சரி, மாப்பிள்ளை.”

“அஞ்சு சரியாயிடுச்சா?”

“காலையிலதான் முடிச்சேன். வந்து பாக்கறீங்களா?”

அழைத்தேன், ஐயா. இதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே நான்கடி வைத்திருந்தால் பல்லியைப் பார்த்திருப்பான். அவன் தன் காலைப் பார்த்தான்.

“செருப்பெல்லாம் சேறு மச்சான். நீங்க சொன்னாப் போதாதா?”

“அப்ப சாவி எதுக்கு? மேலாளர் வர்ற நேரம். ஆணி காலியா இருந்தா உங்களைத்தான் கேப்பார்.”

“அதுவும் சரிதான்,” என்று இடுப்பிலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்தான். சாவியில் உடம்புச் சூடு இருந்தது. படியேறும்போதே பாடத் தொடங்கிவிட்டான். தங்கை திருத்தியிருப்பாள் போலும். முதல் வரியை அன்றுதான் சரியாகப் பிரித்துப் பாடினான். ஏசிக் குளிர் வெளியே போகிறதே என்று நான் கதவைச் சாத்தினேன். சாவியை ஐந்தாம் ஆணியில் மாட்டினேன். எதையும் அதனதன் இடத்தில் வைப்பது சிறுவயதுமுதல் என் பழக்கம்.

பத்து மாதத்தில் அவன் ஒருவன்தான் பார்க்கத் தெரிந்தவன் என்று நானும் சிலநாள் மயங்கித்தான் இருந்தேன். இல்லை. வந்து பார் என்று கூப்பிட்டும் பாராமல் போனவன்தான் அவனும். அதன்பின் நடந்த எதையும் நான் தொடவில்லை, ஐயா. பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். அந்த அறையில் வேறு யாருக்குப் பார்க்கத் தெரியும்?